பல்லியின் பின்னால்

நான் அதைப் பல்லி என்று படித்தேன்.

சுவரில் ஊர்கிற பல்லி. பூச்சி பிடிக்கிற பல்லி. ஆங்கில எழுத்தில் பி, ஏ, எல், எல், ஐ என்று கைப்பேசியில் வந்ததை, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆண்பிள்ளை பல்லி என்று நம்பினான், பல்லியைத் தேடிக் கிளம்பினான், கண்டும் பிடித்தான். அதன் பின்னால் இருந்ததை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விசில் அடித்தபடி வீடு வந்து சேர்ந்தான்.

சிரியுங்கள். இந்த இடத்தில் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் சிரித்தவன்தான்...

என் தொழில் உரக்கடை. இடம் திருக்காட்டுப்பள்ளி. ஊர்ப் பெயரிலேயே பள்ளி இருக்கிறது! கடைப் பலகையில் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியவனும் நானே. அப்படியும் என் புத்திக்கு எட்டியது பல்லிதான்.

ஆட்களைச் சிரிக்க வைப்பது என் பக்கத் தொழில். கடைப் படியில் காசை ஒட்டிவைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று அதைப் பெயர்க்க முயலும் பெரிய மனிதர்களை உள்ளிருந்து ரசிப்பேன். யூரியா கேட்டு வருகிறவரிடம் முகத்தை இறுக்கிக்கொண்டு, "மாத்திரையா குடுக்கவா, டானிக்கா குடுக்கவா?" என்பேன். எவருக்கும் நோகாத வேடிக்கை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டேன்.

சென்ற புரட்டாசியில் என் மனைவியின் தம்பி சேகர் ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்தான். அக்காவுக்குச் சாக்லேட். எனக்கு ஒரு ரப்பர் பல்லி. தொட்டால் வால் துடிக்கும். என்ன அருமையான சாமான்! அதை மனைவியின் அரிசித் தூக்கில் ஒருமுறை போட்டுவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடையில் இன்னும் அரங்கேற்றம் ஆகவில்லை. ஆகையால் என் வீட்டைத் தவிர ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. இதை நினைவில் வையுங்கள்... நான் தப்பித்ததே அதனால்தான்.

சேகர்தான் அந்த விளையாட்டைச் சொன்னான். ஜியோகேஷிங்காம். உலகம் முழுக்க யார் யாரோ சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்து வைக்கிறார்கள். இடத்தைக் கைப்பேசியில் குறித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் தேடிப் போகிறார்கள்.

"மச்சான், நம்ம பக்கத்துலயே ஒண்ணு இருக்கு! மாதா கோவில்ட்ட."

"எடுத்தா போலீஸ் புடிக்காதாடா மாப்ள?"

"எடுக்கத்தானே வைக்கிறாங்க! ஒண்ணு எடுத்தா, பதிலுக்கு ஒண்ணு வைக்கணும். அதான் ரூல்."

குடமுருட்டிக் கரையில் இருக்கிற அந்தச் சிற்றூரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. கோவில் மிகப் பழையது. அதற்கும் முன்னால், சோழர் காலத்தில், அங்கே புத்த பிக்குகளின் மடம் இருந்ததாகச் சொல்வார்கள். மடம் அழிந்து, அதன் கருங்கல்லை அடியில் வைத்து மாதா கோவில் எழும்பியது. சுவரின் கீழ்வரிசையில் இன்றைக்கும் தாமரை செதுக்கிய கல் தெரியும். அந்தக் கல்லைப் பார்க்க வந்த யாரோ ஒரு வெளியூர்த் தமிழர்தான் டப்பாவை வைத்திருக்க வேண்டும். குறிப்பு ஒன்றும் கொடுத்திருந்தார். தமிழ்தான்; ஆனால் ஆங்கில எழுத்தில்.

சேகர் எழுத்துக் கூட்டி, "பல்லியின் பின்னால், கல்லுக்கு அடியில்" என்று வாசித்தான். ஜெர்மன் நாக்கு! நானும் வாங்கிப் பார்த்தேன். பல்லியேதான்.

"பல்லி ஓடிப்போயிடாதா மச்சான்?"

"செதுக்குன பல்லியா இருக்கும்டா. பழைய கோவில்ல பல்லி இருக்காதா?" என்று அதிகாரமாகச் சொன்னேன். எனக்கு எல்லாம் தெரியும் அல்லவா!

நீங்களே சொல்லுங்கள், இந்தக் காலத்தில் பள்ளி என்று யார் சொல்கிறார்கள்? பிள்ளைகள் படிக்கிற இடம் ஸ்கூல். கும்பிடுகிற இடம் கோவில். பள்ளி என்ற சொல்லை ஊர்ப் பெயரின் வாலில் ஒட்டிவைத்துவிட்டு எல்லாரும் மறந்துவிட்டோம்... இப்படி எனக்கு நானே வக்கீலாக எத்தனையோ முறை வாதாடிப் பார்த்துவிட்டேன். கேஸ் நிற்கவில்லை.

வண்டியில் போய் இறங்கியதும் சேகருக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அவன் வாசலிலேயே நின்று ஜெர்மன் பேசத் தொடங்கினான். நான் மட்டும் கோவிலைச் சுற்றினேன். தாமரை இருந்தது. யானை இருந்தது. பல்லி இல்லை. பின்பக்கம் கல்லறைத் தோட்டம். அதன் மதிலுக்கு வெளியே, புங்கமரத்து நிழலில் ஒடுக்கமாக ஒரு துண்டு நிலம்.

அங்கே, மதிலில், ஒரு பல்லி இருந்தது.

உயிருள்ள பல்லி! அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். செதுக்கிய பல்லியைத் தேடி வந்தவன் நிஜப் பல்லியைக் கண்டதும் திரும்பியிருக்க வேண்டாமா? பல்லி என்ன மைல்கல்லா, குறிப்பு எழுதியவர் வைத்த இடத்திலேயே நிற்பதற்கு? அந்தக் கேள்வி எனக்கு எழவே இல்லை. பல்லிக்கு நேர் கீழே ஒரு தட்டைக் கல் கிடந்தது. போதாதா!

கல்லைப் புரட்டினேன். பாலித்தீன் பை சுற்றிய சிறிய எவர்சில்வர் டப்பா. உள்ளே ஒரு கிலுகிலுப்பை. கறுப்பு மணி வளையல் ஒன்று. ஒற்றைக் கொலுசு ஒன்று, என் சுண்டுவிரலைச் சுற்றும் அளவில்.

அங்கே மண் கொஞ்சம் மேடாக இருந்தது. கல்லின் ஓரத்தில் உருகிய மெழுகு உறைந்து கிடந்தது. பார்த்தேன். இரண்டையும் பார்த்தேன்! பார்த்த கண் மூளைக்குச் சொல்லவில்லை என்றால் நீங்கள் நம்புவீர்களா? ஒருவேளை சொல்லியிருக்கும். மூளைதான் விளையாட்டில் இருந்தது.

கொலுசை எடுத்துக்கொண்டேன். மணி வைத்த கொலுசு, பளபளவென்று இருந்தது. பதிலுக்கு ரப்பர் பல்லியைச் சுருட்டி உள்ளே வைத்தேன். பல்லிக்குப் பின்னால் பல்லி! இதைவிடப் பொருத்தமான வேடிக்கையை இந்த உலகத்தில் எவன் செய்திருப்பான் என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒரு குழந்தையின் புதைகுழி மேல் நின்று சிரித்தேன்.

"உள்ள நோட்டு இருந்திருக்கணுமே மச்சான், பேர் எழுதுறதுக்கு?" என்று வாசலில் சேகர் கேட்டான்.

"மழையில கரைஞ்சிருக்கும்டா" என்றேன். அவனுக்கு ஊர் திரும்பும் அவசரம். அதற்கு மேல் கேட்கவில்லை.

கொலுசை வண்டிச் சாவியில் கோத்துக்கொண்டேன். கடைக்குள் நான் வருவதற்கு முன்னால் சத்தம் வரும். "என்னங்க, சலங்கை கட்டிட்டீங்களா?" என்பார்கள். "ஆமா, அடுத்து ஆடவும் செய்வேன்" என்பேன். அந்த நாட்களில் அருள் என்கிற ஓர் ஆள் மட்டும் கடைப்பக்கம் வரவில்லை. வந்து, பார்த்து, என் சட்டையைப் பிடித்திருக்கக் கூடாதா என்று இப்போது ஏங்குகிறேன்.

அருள் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். அந்த மாதா கோவில் ஊர்க்காரன். ஒரு காலத்தில் சரியான குடி. மனைவியின் தோட்டைக் கழற்றிப்போய் விற்றுக் குடித்திருக்கிறான். பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்து, அன்றே இறந்துபோனது. துக்கத்தில் குடிக்க ஆரம்பிப்பவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். அவன் அன்றோடு நிறுத்தினான். குழந்தை இறந்த சேதி எனக்கும் தெரியும். எங்கே புதைத்தார்கள் என்பது தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

கார்த்திகை பிறப்பதற்கு முன்னால், கல்லறைத் திருநாள் முடிந்த வாரம், அந்தக் கோவிலின் உபதேசியார் சவரிமுத்து கடைக்கு வந்தார். பங்குச் சாமியார் இல்லாத நாட்களில் செபம் சொல்லி நடத்துகிறவர் அவர். எலி மருந்து கேட்டார்.

"என்னங்க உபதேசியாரே, எலிங்களும் பூசைக்கு வருதா?"

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு? அங்க அருளு குடும்பமே ரெண்டாப் போவுது."

சாவி மேசை மேல் கிடந்தது. கொலுசோடு.

அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே இறந்த குழந்தை. "இப்ப சாமியாருங்க அப்படியெல்லாம் ஒதுக்கச் சொல்றதில்லைங்க. வீட்டுப் பெருசுங்கதான் கேக்கல, மதிலுக்கு வெளியில பொதச்சுட்டாங்க." அதனால் சிலுவையும் இல்லை, பெயரும் இல்லை. தாய் ரெஜினா ஒரு தட்டைக் கல்லை வைத்து, அதன் அடியில் குழந்தைக்கு வாங்கியவற்றை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறாள். ஜோடிக் கொலுசில் ஒன்று அந்த டப்பாவில், மற்றது அவளிடம். கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு டப்பாவைத் திறந்திருக்கிறாள்.

"உள்ளேருந்து ஒரு பல்லி அவ மடியில விழுந்துச்சுங்க! அவ போட்ட சத்தத்துல கல்லறையில இருந்த அத்தன சனமும் ஓடியாந்துச்சு. பாத்தா ரப்பரு. கொலுசக் காணோம்."

"எவனாச்சும் திருட்டுப் பய..." என்றேன். என் குரல் யாருடைய குரலோபோல் கேட்டது.

"திருடன் பொம்மையா வச்சுட்டுப் போவான்? அருளுதான் எடுத்து வித்துட்டு, டப்பா லேசா இருந்தா தெரிஞ்சுடும்னு இதைப் போட்டு மூடியிருக்காருன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. மறுபடி குடிக்க ஆரம்பிச்சுட்டாருன்னு ஒரே அழுகை. அவன் தலையில அடிச்சுக்குறான், நான் எடுக்கலன்னு. யாரு நம்புறா? முன்னாடி தோட்ட வித்தவன்தானே?"

நான் எலி மருந்தை எடுத்து நீட்டினேன். அவரே தொடர்ந்தார்.

"இந்த டப்பா தேடி வர்றவங்க வேலையோன்னு நானும் மொதல்ல நெனச்சேன். போய்ப் பாத்தேன். அவங்க டப்பா பள்ளிக்குப் பின்னால அப்படியே பத்திரமா இருக்கு."

"எந்தப் பல்லி?"

"பல்லி இல்லைங்க, பள்ளி! நாக்க மடிச்சுச் சொல்லுங்க. பிக்குங்க தங்குன எடத்துக்குப் பள்ளின்னுதான் பேரு. கோவிலுக்கு வடக்கால செங்கல் மேடு ஒண்ணு கெடக்குல்ல? அதான் பள்ளி."

நாக்கை மடித்தேன். பள்ளி... ஐயோ, பள்ளி!

அடுத்து நான் செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேசையைத் துடைப்பதுபோல் கையை ஒரு வீச்சு வீசினேன். சாவியும் கொலுசும் பறந்து, பக்கத்தில் வாய் பிரித்து வைத்திருந்த வேப்பம்புண்ணாக்கு மூட்டைக்குள் விழுந்தன. "சிலீர்" என்று ஒரு சத்தம். உபதேசியார் திரும்பினார். நான் இருமினேன். கொலுசுச் சத்தத்தை இருமலால் மறைத்தவன் இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "தூசிங்க" என்றேன். "மருந்து வாங்கிச் சாப்பிடுங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். எலி மருந்துக்குக் காசு வாங்கவும் மறந்தேன்.

அப்புறம் மூட்டைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். வந்த வாடிக்கையாளர் ஒருவர், "புண்ணாக்குல புதையலா?" என்றார். வழக்கமாக அது நான் சொல்லவேண்டிய வசனம்.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்: ‘அருள் எடுக்கவில்லை, நான் எடுத்தேன்.’ எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் என் மண்டைக்குள் நாலு ஊர் கூடிச் சிரித்தது. பிணக்குழியில் கொலுசு திருடிய உரக்கடைக்காரன்! காலமெல்லாம் அடுத்தவரைப் பார்த்துச் சிரித்தவனுக்கு, தன்னைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்றவுடன் எழுந்து போக மனம் வரவில்லை.

ஆகவே புத்திசாலியானேன். யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்துவிட்டால்? மாதாவே மீட்டுக் கொடுத்தாள் என்று நினைத்துக்கொள்வார்களே! சண்டை தீரும், புருஷன் பெண்டாட்டி சேர்வார்கள், நானும் தப்பிப்பேன். ஒரே கல்லைப் புரட்டினால் எல்லாம் சரி!

மறுநாள் உச்சிப்பொழுதில் போனேன். கொலுசைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். டப்பாவில் வைத்துக் கல்லை மூடும்போது, ஆட்டுக்குப் புல் அறுக்கிற ஓர் அம்மாள் முன்னால் வந்து நின்றாள். நான் மண்டியிட்டுவிட்டேன். நெற்றியில், வயிற்றில், வலத்தோளில், இடத்தோளில் என்று கை போனபடி சிலுவை போட்டேன். பிறகு பழக்கதோஷத்தில் கன்னத்திலும் போட்டுக்கொண்டேன்.

"யாரு நீங்க? சொந்தமா?" என்றாள்.

"தெரிஞ்சவங்க பிள்ள" என்றேன்.

"ஒண்ணுமறியாத சிசு. நல்லா வேண்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். நான் வேண்டிக்கொண்டேன். யாரும் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்!

இரண்டொரு நாளில் அருள் கடைக்கு வந்தான். சவரம் செய்யாத முகம்.

"அண்ணே, கொலுசு திரும்பி வந்துடுச்சு."

"பாத்தியா!" என்று துள்ளினேன். "மாதா கைவிடுவாளா?"

"மாதாவா?" அவன் சிரித்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. "நான் பயந்துபோய்த் திருப்பி வச்சுட்டேங்குறா அண்ணே. எடுத்தவனுக்குத்தானே வைக்கத் தெரியும்ங்குறா. மொதல்ல பாதி சந்தேகமா இருந்துச்சு, இப்ப முழுசா நம்பிட்டா."

என் புத்திசாலித்தனம்! அதைத்தான் அவன் தலையில் கட்டியிருந்தேன்.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. உங்க மேல அவளுக்கு மரியாத. நான் குடிக்கலன்னு, அத எடுக்கிற ஆளு இல்லன்னு சொன்னீங்கன்னா போதும். துணி மடிச்சு வச்சுட்டா. அவ அண்ணன் வீட்டுக்குப் போறாளாம், லால்குடிக்கு."

இதுதான் சமயம் என்று எனக்குத் தெரிந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடு அருளு, பொம்பளங்க கோவமும் யூரியாவும் ஒண்ணு. தண்ணி பட்டா கரைஞ்சிடும்." சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டான். "வாங்கண்ணே..."

கூடப் போனேன். போகிற வழியெல்லாம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். வாய்க்கால் மதகு தாண்டும்போது சொல்ல வாய் எடுத்தேன். எதிரே டிராக்டர் வந்தது, நிறுத்திக்கொண்டேன். டிராக்டரா தடுத்தது? இல்லை.

ரெஜினா கூடத்தில் நின்றாள். பை ஒன்று கட்டி வைத்திருந்தது. என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்கண்ணே, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அருள் கதவோரம் சாய்ந்து நின்றான்.

"அருள் நல்லவம்மா" என்று ஆரம்பித்தேன்.

"நல்லவர்தாண்ணே. யாரு இல்லன்னா? தோட்ட எடுத்தப்பகூட நான் ஒண்ணும் சொல்லல. இது அப்படியாண்ணே? அது அந்தப் புள்ளையோடது. ஒரு நாள்கூடப் போட்டுக்காதது." குரல் உடையாமல்தான் பேசினாள். "நீங்க கேலி பேசுவீங்க, ஆனா பொய் பேசமாட்டீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவரு எடுக்கலன்னு நீங்க சொல்லுங்க, நான் நம்புறேன். பைய உள்ள வச்சுடறேன்."

அருள் என்னைப் பார்த்தான்.

எவ்வளவு சுலபமான கேள்வி! என்னைக் காட்டிக்கொடுக்கக்கூட வேண்டாம். ‘எடுக்கலம்மா’ என்றால் போதும். அதையே அவள் கேட்டாள். ஆனால் நான் அப்படிச் சொன்னால், ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று அடுத்த கேள்வி வரும் என்று என் பயம் எனக்கு முன்னால் ஓடிப்போய் நின்றது. அவள் கேட்டிருக்கவே மாட்டாள்... இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை. எப்படியாவது சமாதானம் ஆகி, பேச்சு முடிந்து, நான் வெளியே போய்விட வேண்டும்.

"விடும்மா" என்றேன். "ஏதோ புத்தி தடுமாறி எடுத்திருப்பான். அதான் திருப்பி வச்சுட்டான்ல? மன்னிச்சு விடு."

அருள் வெளியே போய்விட்டான். ரெஜினா பையை எடுத்துக்கொண்டாள். பேருந்து நிறுத்தம்வரை நான்தான் என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். "ரொம்ப நன்றிண்ணே" என்றாள்.

அவள் இன்னும் லால்குடியில்தான் இருக்கிறாள். அருள் தை அறுவடைக்கு மெஷின் எடுக்கவில்லை, இப்போது குடிக்கிறான். கொலுசை எடுத்தவன் நான். அருள்தான் எடுத்தான் என்று அவளிடம் சொன்னவனும் நான். அவர்கள் இருவருக்கும் இன்றுவரை நான் எதையும் சொல்லவில்லை.